நடுவில் வந்து உட்கார்ந்தாலும் கூத்து புரியும்

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தஞ்சாவூரிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. பதினான்கு வயது மகனும் பத்து வயது மகளும் சூப்பர் ஹீரோ படம் எது வந்தாலும் அழைத்துப் போகச் சொல்கிறார்கள். இருட்டில் உட்கார்ந்து "இவர் யார், அவர் ஏன் பறக்கிறார்" என்று கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளிடம் திட்டு வாங்குகிறீர்கள். முப்பதுக்கும் மேற்பட்ட படங்களை முதலிலிருந்து வரிசையாகப் பார்த்தால்தான் புரியுமா, அல்லது இந்த வயதில் இது ஒத்துவராத சமாச்சாரமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரிசையாகப் பார்க்க வேண்டாம். வயதும் தடையில்லை; எனக்கு எழுபத்து நான்கு ஆகிறது, பேரன் கூப்பிட்டால் இப்போதும் போகிறேன்.

இந்தக் கிழவனுக்கு இதில் என்ன வேலை என்று தோன்றும், ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன். 1968இல், பதினேழு வயதில், டர்பன் கிரே தெரு வட்டாரத்தில் ஒரு பயாஸ்கோப்பில் ரீல் சுற்றும் பையனாகச் சேர்ந்தேன். (இங்கே என் வயதுக்காரர்கள் இன்றும் தியேட்டரை பயாஸ்கோப் என்றுதான் சொல்வோம். உங்கள் தாத்தாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.) ஷா ஜஹான், அவலான், நாஸ் என்று இந்தியர்களுக்கான அரங்குகள் அந்தப் பகுதியில் இருந்த காலம் அது. வெள்ளையருக்கு வேறு அரங்கு, எங்களுக்கு வேறு அரங்கு என்பது அன்றைய சட்டம். பிறகு ஆபரேட்டர் ஆனேன். படச்சுருள் போய், ஹார்ட் டிஸ்க்கில் படம் வரத் தொடங்கியதும் வேலையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் படம் ஓட்டியவன் நிறையப் படம் பார்த்திருப்பான் என்று நினைப்பீர்கள். பார்த்ததெல்லாம் துண்டுகள். 35 மில்லிமீட்டர் சுருள் நொடிக்கு 24 சட்டகம் வேகத்தில் ஓடும். 2,000 அடி ரீல் ஒன்று இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் தாங்கும். ஒரு மெஷினில் ரீல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மெஷினில் அடுத்ததை மாட்ட வேண்டும், முடிந்ததைத் திருப்பிச் சுற்ற வேண்டும், விளக்கைக் கவனிக்க வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னினால் மோட்டாரைப் போட வேண்டும். சில நொடிகளில் இன்னொரு புள்ளி மின்னும்போது மெஷின் மாற வேண்டும். அதனால் ஆபரேட்டர் எந்தப் படத்தையும் முதலிலிருந்து கடைசி வரை ஒழுங்காகப் பார்ப்பதில்லை. நான்காவது ரீலின் நடுவில் சிறிய கண்ணாடிச் சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். ஒருவன் ஓடுவான், ஒருவன் துரத்துவான். சோகப் படத்தில், குடும்பப் படத்தில் இப்படிப் பார்த்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. சாகசப் படம் ஒருநாளும் புரியாமல் போனதில்லை.

காரணத்தை யோசித்துப் பார்த்தால் என் ஆயாவிடம்தான் போய் நிற்கிறது.

ஆயா மவுண்ட் எட்ஜ்கம்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் இருந்தாள். அம்மன் திருவிழாவுக்குத் தெருக்கூத்து நடக்கும். டர்பன் இருக்கும் இந்த நேட்டால் மாகாணத்தில் தெருக்கூத்துக்கு ஆங்கிலத்தில் "சிக்ஸ் ஃபுட் டான்ஸ்" என்று பெயர். ஆறடி எதைக் குறிக்கிறது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஆயா வேலை முடித்து, குளித்து, எனக்குச் சோறு போட்டு அழைத்துப் போவதற்குள் பாதி இரவு கழிந்திருக்கும். நாங்கள் எப்போதும் நடுவில்தான் போய் உட்காருவோம். பாரதத்தின் பதினெட்டுப் பருவத்தையும் படித்துவிட்டு வா என்று யாரும் வாசலில் நிறுத்தவில்லை. அன்றைக்கு அபிமன்யு சண்டை என்றால் அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்றால் கர்ண மோட்சம். இரண்டு பேர் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கை கட்டிய கால்கள் தெரியும். திரைக்குப் பின்னால் இருந்தபடியே வேஷக்காரர் தன் குலம், கோத்திரம், வீரம் எல்லாவற்றையும் பாடுவார். கூத்தின் கோமாளியும் கதைசொல்லியுமான கட்டியங்காரன் குறுக்கே புகுந்து ஏதாவது குறும்பாகக் கேட்பான். அப்புறம்தான் திரை விலகும். அதற்குள் வந்திருப்பது யார், எவன்மேல் என்ன கோபம் என்பதெல்லாம் ஐந்து வயதுப் பையனுக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்த முறை போகும்போது நாயகன் முதன்முதலாகத் தோன்றும் இடத்தைக் கவனியுங்கள். முதலில் ஒரு காலணி, பிறகு கவசத்தின் ஒரு விளிம்பு, பின்னணியில் இசை ஏறும், பக்கத்தில் நிற்கும் ஒருவன் வாயைப் பிளப்பான், அதற்குப் பிறகுதான் முழு உருவம். வேட்டிக்குப் பதில் கேமரா, அவ்வளவுதான் வேறுபாடு. நகைச்சுவைத் துணைப் பாத்திரம் ஒன்று எப்போதும் கூடவே வந்து, "இது என்ன, இவன் யார்" என்று நீங்கள் கேட்க நினைத்ததையே கேட்கும். அவனைக் கட்டியங்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் பேசும்போது காதைக் கொடுத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆட்களையும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அழியப்போகும் கிரகத்திலிருந்து பெற்றோர் ஒரு குழந்தையைச் சிறு கலத்தில் வைத்து அனுப்பிவிடுகிறார்கள், முன்பின் தெரியாத ஒரு குடியானவனும் மனைவியும் எடுத்து வளர்க்கிறார்கள். இது சூப்பர்மேன். குந்தி ஆற்றில் விட்ட பெட்டியை நினைத்துப் பார்த்தால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அயர்ன் மேன் யார்? நெஞ்சருகே வெடிகுண்டுச் சில்லு தங்கிவிட, உயிர் பிழைக்கத் தன் கவசத்தைத் தானே அடித்துச் செய்துகொண்டவன். கர்ணன் கவசத்தோடு பிறந்தான், இவன் குகைக்குள் உட்கார்ந்து சம்மட்டியால் அடித்தான். பேட்மேன் கண்ணெதிரே பெற்றோர் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பார்த்த சிறுவன். ஸ்பைடர் மேன், தான் தடுத்திருக்கக்கூடிய ஒரு திருடனைத் தப்பவிட்டதால் வளர்த்த பெரியப்பாவை இழந்தவன். காயம் எது என்று தெரிந்துவிட்டால் ஆயுதம் எதுவாக இருந்தால் என்ன?

சூப்பர்மேனைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்கிறேன். அவனை உருவாக்கிய ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் குடிபெயர்ந்து வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள், இளைஞர்கள். 1938இல் அந்த முதல் கதைக்கு அவர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கியது 130 டாலர். நாயகன் பதிப்பகத்துக்குச் சொந்தமாகிவிட்டான். 1860இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி, மாதம் பத்து ஷில்லிங் கூலிக்குக் கைநாட்டு வைத்து இந்தக் கரைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். எங்களுக்கு அந்தக் கையெழுத்தும் புரியும், தெரியாத நிலத்தில் வந்து விழுந்த குழந்தையும் புரியும்.

மகன் உங்களைக் குழப்புவது ஜமாக் கணக்கில்தான் என்று நினைக்கிறேன். ஏன் சூப்பர்மேன் அவெஞ்சர்ஸ் என்ற நாயகர் கூட்டத்தில் இல்லை, ஏன் ஸ்பைடர் மேனுக்கு அடிக்கடி முகம் மாறுகிறது? கூத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரு ஜமா. சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன் எல்லாம் டிசி ஜமா, அது வார்னர் வீட்டுச் சொத்து. அயர்ன் மேன், தோர், பிளாக் பேந்தர் எல்லாம் மார்வெல் ஜமா. 2009இல் அதை டிஸ்னி வாங்கிவிட்டது. அதற்கு முன்னால், 1990களில், மார்வெல் நொடித்துப்போயிருந்தது. அப்போது ஸ்பைடர் மேனைப் படமெடுக்கும் உரிமை சோனிக்குப் போய்விட்டது. அதனால்தான் ஒரே வேஷத்தை 2002இல் டோபி மக்வயரும், 2012இல் ஆண்ட்ரூ கார்ஃபீல்டும், 2016 முதல் டாம் ஹாலண்டும் கட்டியிருக்கிறார்கள். அடுத்த ஊரில் வேறொருவர் துரியோதனன் வேஷம் கட்டினால் நாம் கலங்கியதில்லையே.

இரண்டே இரண்டு படங்களுக்கு மட்டும் விதிவிலக்கு சொல்வேன். 2021இல் வந்த ஸ்பைடர் மேன் படத்தைப் பழைய ஸ்பைடர் மேன்களைக் கொஞ்சமாவது அறியாமல் பார்ப்பது வீண். 2019இல் வந்த அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் மார்வெலின் 22ஆவது படம், 181 நிமிடம். அது பாரதக் கூத்தின் கடைசி நாள் சண்டையான பதினெட்டாம் போர் மாதிரி. அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்ஃபினிட்டி வாரைப் பார்க்காமல் அதில் போய் உட்கார்ந்தால் யார் எதற்கு அழுகிறார்கள் என்று தெரியாது. அந்த 2018 படத்துக்குப் பேரனோடு போயிருந்தேன். கடைசியில் ஒவ்வொருவராகத் தூசியாகி உதிரும்போது அரங்கில் பாப்கார்ன் பையின் சத்தம்கூட நின்றுவிட்டது. அபிமன்யு விழுந்த இரவுகளில் ஆயா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொள்வாள். அவளுக்கு அது முதல் தடவை அல்ல, ஒவ்வோர் ஆண்டும் அவன் விழுவான் என்று தெரியும், இருந்தும் அழுவாள். பேரன் என் சட்டைக் கையைப் பிடித்திருந்த விதம் எனக்கு அதை நினைவுபடுத்தியது.

இனி, இந்த ஊரில் இருப்பதால் உங்களுக்குக் கிடைக்கும் ஒரு லாபத்தைச் சொல்கிறேன். பிளாக் பேந்தர் படத்தை டர்பனில் பார்ப்பதும் தஞ்சாவூரில் பார்ப்பதும் ஒன்றல்ல. வகாண்டா என்பது கற்பனை நாடு. ஆனால் அந்த நாட்டு மக்கள் பேசும் மொழி கற்பனை அல்ல, அது இங்குள்ள கோசா. அதற்குக் காரணமானவர் ஜான் கானி, போர்ட் எலிசபெத்தின் நியூ பிரைட்டன் பகுதியிலிருந்து வந்த நாடக நடிகர். நிறவெறி ஆட்சிக் காலத்திலேயே, 1975இல், வின்ஸ்டன் இன்ட்ஷோனாவுடன் சேர்ந்து அமெரிக்காவின் டோனி விருது பெற்றவர். 2016இல் கேப்டன் அமெரிக்கா வரிசைப் படம் ஒன்றில் அவர் வகாண்டாவின் முதிய அரசனாக நடித்தார். அரசன் தன் மகனிடம் தாய்மொழியில்தானே பேசுவான் என்று அவர் சொல்ல, மகனாக நடித்த சாட்விக் போஸ்மேன் கோசா வசனத்தைக் கற்றுக்கொண்டார். இரண்டு ஆண்டு கழித்து வந்த பிளாக் பேந்தர் அந்த மொழியையே நாட்டின் மொழியாக்கிக்கொண்டது. ஜான் கானியின் மகன் அட்டாண்ட்வா கானி அதில் அந்த அரசனின் இளவயது வேஷத்தில் வருகிறார். அப்பனும் மகனும் ஒரே வேஷம், கூத்துக் குடும்பம்போல.

கோசாவும் இங்குள்ள ஜூலுவும் தாயாதி மொழிகள். நான் பார்த்த காட்சியில் எனக்குப் பின்வரிசையில் இருந்த ஜூலு மூதாட்டி ஒருவர் திரையில் எழுத்து ஓடுவதற்கு முன்பே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மொழிகளில் நாக்கைப் பல்லில் தட்டி எடுக்கும் ஒலி ஒன்று உண்டு. தமிழில் அதை எழுத முடியாது, ஆனால் உங்களால் சொல்ல முடியும். யாராவது விழுந்தால் இரக்கத்தோடு "உச்" கொட்டுவோமே, அதே ஒலிதான். நமக்கு அது பரிதாபம், அவர்களுக்கு அது மெய்யெழுத்து.

அரசி ரமோண்டாவாக வரும் ஏஞ்சலா பாசெட்டின் தலையில் இருக்கும் அகன்ற தொப்பி, திருமணமான ஜூலு பெண்கள் அணிவதைப் பார்த்து வடிவமைத்தது. முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்திருக்கிறார்கள். டிராகன்ஸ்பர்க் மலைப் பக்கம் போனால் நீங்கள் பார்க்கக்கூடிய, பசோத்தோ மக்களின் கம்பளிப் போர்வையை எல்லைக் காவலர்கள் போர்த்தியிருக்கிறார்கள். ஆடை வடிவமைத்த ரூத் கார்ட்டருக்கு ஆஸ்கர் கிடைத்தது. தொப்பி திரையில் வந்தபோது பின்வரிசை மூதாட்டி பக்கத்திலிருந்த பேத்தியை முழங்கையால் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. சூப்பர் ஹீரோ படத்துக்கு இதைவிட நல்ல விமர்சனம் நான் படித்ததில்லை. வில்லன் கில்மாங்கரையும் கவனியுங்கள். அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் கூத்துக்குச் சிறந்த ஆட்டக்காரரைத் துரியோதனனாகப் போடுவார்கள்; மைக்கேல் ஜோர்டான் என்ற அந்த நடிகர் அப்படிப்பட்டவர். (கூடைப்பந்து ஆட்டக்காரர் இல்லை. அவர் வேறு, இவர் பெயரின் நடுவில் "பி" உண்டு. மகனிடம் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.)

மகனை அசத்த வேண்டுமானால் இன்னொன்றும் இருக்கிறது. 2015இல் வந்த ஏஜ் ஆஃப் அல்ட்ரானில் ஹல்க்கும் அயர்ன் மேனும் நகரத்தை இடித்துத் தள்ளும் சண்டைக்கு ஜோகன்னஸ்பர்க் தெருக்களில்தான் படப்பிடிப்பு நடந்தது.

சண்டையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்குத் தலைவலி தொடங்குவது அங்கேதான். இருபது பேர் ஒரே நேரத்தில் பறந்தால் எங்கே பார்ப்பது? எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவர் முகத்தை மட்டும் தொடருங்கள். நல்ல இயக்குநர் எடுத்த சண்டையில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு முடிவு இருக்கும்: ஒருவர் எதையோ இழப்பார், அல்லது கற்றுக்கொள்வார். அது இல்லாமல் வானத்திலிருந்து நீல ஒளித்தூண் இறங்கிக் கட்டடங்கள் மட்டும் சரிந்துகொண்டிருந்தால், மகளைக் கழிப்பறைக்கு அழைத்துப் போக வேண்டிய நேரம் அதுதான் என்று கொள்ளுங்கள். திரும்பி வரும்போதும் சரிந்துகொண்டுதான் இருக்கும்.

எடுத்துக்காட்டாக, 2004இல் வந்த இரண்டாவது ஸ்பைடர் மேன். சாம் ரெய்மி இயக்கியது. ஓடும் ரயிலின் மேல், முதுகில் நான்கு இயந்திரக் கைகள் கொண்ட வில்லனோடு சண்டை, பிரேக் போய்விடுகிறது. பையன் ரயிலின் முகப்பில் நின்று இரு பக்கமும் வலையை வீசி, உடம்பாலேயே நிறுத்துகிறான். முகமூடி ஏற்கெனவே போய்விட்டது. மயங்கி விழப்போகும் அவனைப் பயணிகள் உள்ளே இழுத்து, தலைக்கு மேல் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய்த் தரையில் கிடத்துகிறார்கள். அப்போதுதான் தெரிகிறது, இவன் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை என்று. முகத்தைப் பார்த்தவர்கள் அதை யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். கடவுளர் சண்டை பார்க்கப் போன நமக்கு, சாதாரண பஸ் பயணிகள் போன்ற மனிதர்களின் கைகள்தான் நினைவில் நிற்கும். நான் அந்த ரீலைக் கண்ணாடிச் சன்னலில் முகம் ஒட்டியபடி பார்த்தேன். அடுத்த ரீலை அன்று அவசர அவசரமாக மாட்ட வேண்டியதாயிற்று.

பறப்பதில் ஒரு ஆபரேட்டரின் கர்வம் எனக்கு உண்டு. 1978இன் சூப்பர்மேன் படத்தில் கிறிஸ்டோபர் ரீவ் பறந்தது கணினியால் அல்ல. ஜோரான் பெரிசிக் என்பவர் கேமராவிலும் புரொஜெக்டரிலும் ஜூம் லென்ஸைப் பொருத்தி, இரண்டையும் ஒரே கணக்கில் இயக்கினார். பின்னால் திரையில் விழும் வானம் அளவு மாறாமல் நிற்க, முன்னால் தொங்கும் மனிதன் மட்டும் நம்மை நோக்கிப் பாய்ந்து வருவதுபோல் தெரியும். பறக்க வைத்ததில் ஒரு புரொஜெக்டரும் பங்காளி! அந்தப் படம் இங்கே வந்தபோது தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சி வந்தே மூன்று நான்கு ஆண்டுகள்தான். 1976 ஜனவரியில்தான் இங்கே ஒளிபரப்பு தொடங்கியது. அதற்கு முன்னால் எங்கள் சாகச நாயகர்கள் வானொலியில் வந்தார்கள். ஸ்பிரிங்பொக் வானொலியில் ஜெட் ஜங்கிள் என்று ஒரு தொடர். ஆள் எப்படி இருப்பான் என்று தெருவில் ஒவ்வொருவனும் ஒவ்வொரு விதமாகச் சொல்வான்.

மகளுக்கு 2018இன் ஸ்பைடர்வெர்ஸ் கார்ட்டூன் படத்தைக் காட்டுங்கள். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அனுபவமுள்ள ஸ்பைடர் மேன் நொடிக்கு 24 படமாக வழுக்கிக்கொண்டு ஓட, புதிதாகக் கற்கும் சிறுவன் மைல்ஸ் பல இடங்களில் நொடிக்கு 12 படமாகத்தான் அசைவான். அதனால் சற்றுத் தத்தித் தத்தி ஓடுவதுபோலத் தெரியும். தேர்ச்சி வர வர அவன் அசைவும் வழுவழுப்பாகும். கண்ணுக்குப் பிடிபடாது, ஆனால் மனத்துக்குப் பிடிபடும். இதை மகளிடம் நீங்கள் சொன்னால் அடுத்த ஒரு மாதத்துக்கு வீட்டில் உங்களுக்குத் தனி மரியாதை.

டிக்கெட், இருக்கை விஷயம் சுருக்கமாக. திரையிலிருந்து பின்னோக்கி மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், நடுவில் உட்காருங்கள். ஒலியைச் சரிபார்ப்பவர்கள் ஏறத்தாழ அந்த இடத்தை வைத்துத்தான் அளக்கிறார்கள். 3டி கண்ணாடி வெளிச்சத்தைக் குடிக்கும், இருண்ட படங்களுக்கு வீண் செலவு. மார்வெல் படத்தில் பெயர்கள் ஓடும்போது நடுவில் ஒரு துணுக்குக் காட்சியும், முழுதும் ஓடி முடிந்தபின் இன்னொன்றும் வருவது வழக்கம். முதலாவது பெரும்பாலும் அடுத்த படத்துக்கான தூண்டில், இரண்டாவது பல சமயம் வெறும் விளையாட்டு. முதலாவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் வாகன நிறுத்தத்தில் நெரிசல் இருக்காது. போஸ்டரில் வயது எண்ணைப் பாருங்கள்: 10-12பிஜி என்றால் மகள் உங்களோடு வரலாம், 13 என்றால் அவளுக்கு உகந்ததல்ல. பக்கத்தில் வி என்றிருந்தால் வன்முறை, எச் என்றிருந்தால் பயமுறுத்தல். பாப்கார்னில் உப்பு-வினிகர்த் தூள் போடும் பழக்கம் இந்த ஊருடையது. முதலில் முகம் சுளிப்பீர்கள், மூன்றாவது படத்தில் நீங்களே கேட்பீர்கள்.

படத்துக்கு முந்தைய இரவு சாப்பிடும்போது பிள்ளைகளைக் கட்டியங்காரனாக்குங்கள். ஐந்து நிமிடம் போதும். "நாளைக்கு வருகிறவனுக்கு என்ன வேண்டும், எதை இழந்தவன், எதைக் கண்டு பயப்படுவான்" என்று மட்டும் கேளுங்கள். முந்தைய பத்துப் படங்களின் கதையை மகன் அவிழ்க்கத் தொடங்கினால் இன்னொரு தோசையை வைத்து வாயை அடையுங்கள். அரங்குக்குள் மட்டும் கேட்காதீர்கள். அந்த விஷயத்தில் நான் பிள்ளைகள் கட்சி.

எனக்குப் பிடிக்காததையும் சொல்ல வேண்டும். எண்ட்கேமுக்குப் பிறகு மார்வெல் ஜமாவின் ஆட்டத்தில் சோர்வு தெரிகிறது. 2023இல் வந்த மார்வெல்ஸ் படத்துக்குப் போனால், நாயகிகளில் இருவரைத் தெரிந்துகொள்ள வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்திருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. படம் 105 நிமிடம், வீட்டுப்பாடம் பல மணி நேரம். அந்த வரிசையிலேயே மிகக் குறைவாக வசூலித்த படம் அதுதான். கட்டியங்காரனைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, "நேற்றைய கூத்தைப் பார்த்துவிட்டு வா" என்று பார்வையாளரிடம் சொன்னால் யார் வருவார்கள்? அப்படிப்பட்ட படம் உங்களுக்குப் புரியவில்லை என்றால் குறை உங்களிடம் இல்லை.

பறக்கும் ஆட்கள் அலுத்துப்போனால் வேறு சாகசங்கள் இருக்கின்றன. 1981இல் ஸ்பீல்பெர்க் எடுத்த முதல் இண்டியானா ஜோன்ஸ் படம், வாராவாரம் ஒரு அத்தியாயமாக வந்து நாயகனை ஆபத்தில் தொங்கவிட்டு முடிந்த பழைய தொடர்படங்களின் வாரிசு. அதை எந்த ரீலில் வேண்டுமானாலும் தொடங்கலாம். 2015இன் மேட் மேக்ஸ் ஃபியூரி ரோட் ஆஸ்திரேலியப் பாலைவனக் கதை. ஆனால் அங்கே எதிர்பாராத மழை பெய்து பாலை பூத்துவிட, பக்கத்து நமீபியாவுக்கு வந்து எடுத்தார்கள். வசனமே குறைவு. பிள்ளைகள் தூங்கியபின் நீங்களும் கணவரும் பாருங்கள். பேட்மேன் படங்களில் 2008இன் டார்க் நைட்டும் அப்படித்தான்; மகளோடு வேண்டாம்.

இன்னொரு படத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. 2009இன் டிஸ்ட்ரிக்ட் 9. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த நீல் புளோம்காம்ப் எடுத்தது, சோவெட்டோவின் சியாவெலோவில் படமாக்கியது, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பட்டியல் வரை போனது. நகரத்துக்கு மேலே ஒரு விண்கலம் வந்து நின்றுவிடுகிறது; அதில் வந்தவர்களைத் தகரக் கொட்டகை முகாமில் அடைத்துவைக்கிறார்கள். பிறகு அங்கிருந்தும் தூரத்துக்கு அனுப்ப முடிவாகிறது. ஓர் அதிகாரி கையில் காகிதத்தோடு கதவு கதவாகத் தட்டி, படிக்கத் தெரியாதவர்களிடம் கையொப்பம் வாங்குகிறார். சிரித்த முகமாகத்தான் வாங்குகிறார். 1960களில் கேட்டோ மேனரில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவரும் சிரித்த முகமாகவே இருந்தார். அப்பா கொல்லையில் நட்ட மாமரம் அந்த ஆண்டுதான் முதலில் காய்த்திருந்தது. எங்களைக் கொண்டுபோய் விட்ட சாட்ஸ்வர்த்தில் அப்போது ஊர்ப் பெயர்கள்கூட வாயில் நிற்கவில்லை. யூனிட் 3, யூனிட் 5 என்று எண்கள்தான். அதனால் படத்தின் தலைப்பில் அந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்கு ஏதோ செய்தது. படம் கொடூரமானது, மகனுக்கும் இன்னும் இரண்டு ஆண்டு போகட்டும். அதற்குப் பிறகு அவனோடு உட்கார்ந்து பாருங்கள். சாட்ஸ்வர்த்தில் இருக்கும் யாராவது ஒரு பெரியவரையும் கூட்டிவைத்துக்கொண்டு பாருங்கள், நானாக இருந்தாலும் சரி.

வரும் சனிக்கிழமை போகப்போகும் படம் எது என்று நீங்கள் எழுதவில்லை. ஸ்பைடர் மேன் என்றால் எதுவும் படிக்காமல் போங்கள். தலைப்பின் கடைசியில் "முதல் பாகம்" என்று இருந்தால் மட்டும் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.